விதி மாறியது தெரியாமல் மாட்டிக்கொண்டேன்: நீங்கள் எல்லாம் எப்படித் தொடர்கிறீர்கள்?

கரையேறியவன்:

வணக்கம். பதினோரு ஆண்டு கப்பலில் ஓடிவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் கரை வேலைக்கு வந்தேன். சின்ன கம்பெனி, மூன்று சரக்குக் கப்பல்கள். 2004, 2009, 2017-இல் கட்டியவை. இரண்டு கப்பலுக்கு ஒரு கொடி (பதிவு செய்த நாடு), மூன்றாவதற்கு வேறு கொடி. டி.பி.ஏ. (கப்பல் பாதுகாப்புக்குக் கரையில் பொறுப்பான ஆள்) என்று என் பெயரையும் எண்ணையும் அச்சடித்து மூன்று கப்பலிலும் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன சொத்து ஒரு மின்னஞ்சல் பெட்டி. திறந்தால் படிக்காத சுற்றறிக்கைகள் ஆயிரத்து நானூறு சொச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் 2009 கப்பலில் பி.எஸ்.சி. ஆய்வு, அதாவது துறைமுக நாடு வெளிநாட்டுக் கப்பலைச் சோதிப்பது. ஆய்வாளர் சர்டிபிகேட் கோப்பைப் புரட்டிவிட்டு நேராக முன் டெக்குக்குப் போயிருக்கிறார். ஒரு மூரிங் கயிற்றை (கப்பலைத் துறையில் கட்டும் கயிறு) கையில் எடுத்து முறுக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே மாவு மாதிரி வெள்ளைத் தூள். "இந்தக் கயிற்றை எப்போது கழிக்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். சீஃப் ஆபீசர் எனக்குப் போன் போட்டார். நான் யோசிக்கவே இல்லை. "அந்த மூரிங் விதி 2024 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டுகிற கப்பலுக்கு. நம்முடையது 2009. நமக்குப் பொருந்தாது என்று சொல்லுங்கள்" என்றேன். அவரும் அப்படியே சொல்லிவிட்டார்.

பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு படம் வந்தது. சோலாஸ் என்கிற உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் இரண்டாம் அத்தியாயம் முதல் பகுதி, 3-8 விதி. மூரிங் ஏற்பாட்டை எப்படி வடிவமைப்பது என்கிற பத்திகள் புதுக் கப்பலுக்குத்தான். ஆனால் கயிறு உட்பட மூரிங் சாதனங்களைச் சோதித்துப் பராமரிக்கச் சொல்கிற பத்தி, கட்டிய ஆண்டைப் பார்க்காமல் பழைய கப்பலுக்கும் சேர்த்துத்தான். ஆய்வாளர் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை, வெறும் கோடு.

நல்ல வேளையாகக் கப்பலைப் பிடித்து வைக்கவில்லை. கிளம்புவதற்கு முன் சரிசெய்யச் சொல்லி எழுதிவிட்டுப் போனார். இரண்டு புதுக் கயிறு வாங்கி மாற்றினோம். பராமரிப்புத் திட்டம் ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாக எழுதி அனுப்பினேன். எனக்கு உறைத்தது என்னவென்றால், பெட்டியில் தேடிப் பார்த்தால் இதைப் பற்றிய அறிவிப்பு மூன்று முறை வந்திருக்கிறது. நான் கப்பலில் இருந்த காலத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பை மட்டும்.

ஐ.எம்.ஓ. (ஐ.நா.வின் கடல் அமைப்பு), கொடி நாடு, கிளாஸ் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்), துறைமுகம், இன்சூரன்ஸ் கிளப் என்று ஐந்து பக்கத்திலிருந்தும் காகிதம் கொட்டுகிறது. தனி ஆளாக இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஏதாவது மென்பொருள் வாங்கினால் தீருமா? முதலாளி கேட்பதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும்.


பழைய சூப்ரிண்டெண்ட்:

தம்பி, பத்தொன்பது ஆண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு இந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். நீங்கள் செய்த தவறை வேறு வேறு வேடத்தில் நானும் செய்திருக்கிறேன். ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

மென்பொருள் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆயிரத்து நானூறு மின்னஞ்சல் இருந்த இடத்தில் ஆயிரத்து நானூறு சிவப்புப் புள்ளி தெரியும். படிக்க வேண்டிய ஆள் அப்போதும் நீங்கள்தான்.

ஐந்து பக்கத்திலிருந்து கொட்டுவதாகத் தோன்றினாலும் பெரும்பாலானவற்றுக்கு ஊற்று ஒன்றுதான். பாதுகாப்பு விதிகள் ஐ.எம்.ஓ.வின் எம்.எஸ்.சி. என்கிற கடல்சார் பாதுகாப்புக் குழுவில் பிறக்கின்றன. மற்ற நால்வரும் அதையே தங்கள் தங்கள் முகவரித்தாளில் மறுபடி அச்சடித்து அனுப்புகிறார்கள். உங்களுக்கு மூன்று முறை வந்ததும் அப்படித்தான். ஆகவே ஊற்றின் போக்கைத் தெரிந்துகொண்டால் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம்.

அந்தப் போக்கு இப்படி. 1960 சோலாஸில் ஒரு திருத்தம் அமலாக வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் வாய்திறந்து சரி என்று சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? திருத்தங்கள் ஆண்டுக்கணக்கில் தூங்கின. 1974 சோலாஸ் அதைத் திருப்பிப் போட்டது. குறித்த தேதிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாடுகளோ, உலகக் கப்பல் டன்னேஜில் (கப்பலின் கொள்ளளவைக் காட்டும் எண்) பாதியை வைத்திருக்கிற நாடுகளோ எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால், மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திருத்தம் அமலுக்கு வந்துவிடும். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. குழு நிறைவேற்றுகிற நாளுக்கும் அமலாகிற நாளுக்கும் நடுவில் வழக்கமாக ஒன்றரை ஆண்டாவது கிடைக்கும். அதோடு சோலாஸ் திருத்தங்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்து அமலாக்குவது என்று ஒரு ஏற்பாடும் இருக்கிறது. 2020, 2024 போயிற்று, அடுத்தது 2028 ஜனவரி 1. அவசரம் என்று பட்டதை நடுவிலும் விடுவார்கள். 2026 ஜனவரி 1-இல் வந்த திருத்தக் கட்டு அப்படிப்பட்டது. பைலட் ஏணி ஏற்பாடுகளுக்கான புது விதியை 2025 ஜூனிலேயே நிறைவேற்றிவிட்டார்கள், 2028-இல் அமல். இன்றைக்கே உட்கார்ந்து படிக்கலாம். "திடீரென்று மாற்றிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திடீர் நமக்கு மட்டும்தான்.

சரி, எப்படிப் படிப்பது? நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு திருத்தம் கையில் வந்ததும் நான் முதலில் தேடுவது அது யாருக்கு, எப்போதிலிருந்து என்கிற வரியைத்தான். தலைப்பு பொய் சொல்லும், முன்னுரை தூங்க வைக்கும், அந்த ஒரு வரி மட்டும்தான் உங்கள் கப்பலின் பெயரைச் சொல்லும்.

2026 திருத்தக் கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் கப்பலிலும் பல்க் கேரியரிலும் மின்னணுச் சாய்வுமானி வைக்கச் சொல்லும் விதி, 3,000 டன்னேஜும் அதற்கு மேலும், அந்தத் தேதியிலிருந்து கட்டுகிற கப்பலுக்கு. உங்கள் மூன்றுக்கும் இல்லை, அடித்துவிடலாம். கடலில் விழுந்த கன்டெய்னரைப் பற்றி அருகில் இருக்கும் கப்பல்களுக்கும், பக்கத்துக் கரையோர நாட்டுக்கும், கொடி நாட்டுக்கும் மாஸ்டர் தகவல் தர வேண்டும் என்பது நடத்தை விதி. இரும்பையோ வயரையோ அது மாற்றச் சொல்லவில்லை, ஆகவே கட்டிய ஆண்டு என்கிற பேச்சே இல்லை. மிதந்து வருகிற கன்டெய்னரைக் கண்ணால் பார்த்த கப்பலும் சொல்ல வேண்டும், அதனால் கன்டெய்னரே ஏற்றாதவர்களும் இதில் வருகிறார்கள்.

மூன்றாவது வகைதான் ஆளை விழுங்குவது. தீயணைப்பு நுரையில் பி.எஃப்.ஓ.எஸ். என்கிற ரசாயனம் கூடாது என்ற விதி புதுக் கப்பலுக்கு உடனே. பழைய கப்பலுக்கு 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் சர்வேக்குள் (சான்றுக்காகக் கப்பலைச் சோதிப்பது). இந்த "முதல் சர்வே"யைப் பலர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்பு சர்வே என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐ.எம்.ஓ.வே விளக்கம் கொடுத்திருக்கிறது: ஆண்டு சர்வேயோ, பருவ சர்வேயோ, புதுப்பிப்போ, எது முதலில் வருகிறதோ அது. பிப்ரவரியில் ஆண்டு சர்வே இருந்த கப்பலுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரம்.

நான் ஓய்வுக்கு முன் கடைசியாக ஓடியாடியது இந்த நுரைக்காகத்தான். எங்கள் கப்பல் ஒன்றில் நான்கு டிரம் கிடந்தது. ஒன்றின் லேபிள் வெயிலில் வெளுத்து, தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. தயாரித்த கம்பெனி மூடி வெகுநாள் ஆயிற்று, கடிதம் கேட்க ஆள் இல்லை. செகண்ட் இன்ஜினியரிடம் டிரம்மைக் கலக்கி மாதிரி எடுக்கச் சொல்லி, ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு கிலோவில் 10 மில்லிகிராம் என்கிற வரம்புக்கு மேலா கீழா என்று தாள் வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தோம். மேலே. கொட்ட முடியாது, கரையில் அதற்கான இடத்தில் ஒப்படைக்க வேண்டும். புது நுரை எங்கள் ப்ரபோர்ஷனருக்கு (நுரையைத் தண்ணீரோடு அளவாகக் கலக்கும் கருவி) ஒத்துவருமா என்று வேறு பார்க்க வேண்டியிருந்தது. சொல்வதற்கு ஒரு வரி விதி, செய்வதற்கு இரண்டு மாதம். அதனால்தான் ஒன்றரை ஆண்டு அவகாசத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள் என்கிறேன்.

இப்போது நான் செய்த தவறு. லைஃப்போட்டைக் கம்பியில் தாங்கி விடுவிக்கும் கொக்கிகளில் பாதுகாப்பு போதாது என்று கண்டவற்றை மாற்றச் சொல்லி விதி வந்தது நினைவிருக்கும். 2014 ஜூலை 1-க்குப் பிறகு வரும் முதல் டிரை டாக்கில் (கப்பலை நீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்ப்பது), எப்படியும் 2019 ஜூலை 1-க்குள். எங்கள் கப்பலில் 2017 டாக்கில் புதுக் கொக்கி போட்டோம். தயாரிப்பாளரின் ஆள் வந்து பயிற்சி கொடுத்தார், புது மேனுவல் வந்தது, டேவிட் (படகை இறக்கும் கருவி) பக்கத்தில் புது விளக்கப்படம் ஒட்டினோம். நான் என் பட்டியலில் டிக் போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்தக் கப்பலுக்குப் போனபோது படகுப் பயிற்சி. மூன்றாம் அதிகாரி கப்பலுக்குப் புதிது, சின்னப் பையன். படகுக்குள் ஸ்டியரிங் இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே ரிலீஸ் கைப்பிடியைத் தடவுகிறான். படத்தில் இடது பக்கம் சிவப்புப் பின் ஒன்று இருக்கிறது. கைக்கு அகப்படவில்லை. குனிந்து, டார்ச் அடித்து, அடியில் கைவிட்டுத் தேடுகிறான். படகு இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஐந்து பேர். போசன்தான் (டெக் ஆட்களின் தலைவர்) சத்தம் போட்டார்: "சார், கையை எடுங்க, அது பழைய கொக்கி படம்!" வெளியே ஒட்டியது புதுசு, உள்ளே ஒட்டியிருந்தது பழசு. வெளியே இருந்ததைத்தான் நான் மாற்றியிருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன் விரலால் தேடியது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

ஐ.எஸ்.எம். கோடு என்கிற கப்பல் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பின் 11-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சரியான ஆவணம் வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, காலாவதியானதை உடனே அகற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை எல்லாரும் செய்கிறோம். இரண்டாம் பாதியை ஆய்வாளர்தான் நமக்காகச் செய்கிறார். அதற்குப் பிறகு என் பதிவேட்டில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே "எந்தப் பழைய தாள் போக வேண்டும்" என்று ஒரு கட்டம் போட்டேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கப்பலிலிருந்து புதுசு ஒட்டிய படம் வந்தால் போதாது, பழசைக் கிழித்த படமும் கேட்பேன். திட்டுவார்கள். திட்டட்டும்.

அந்த ஆயிரத்து நானூறைப் படிக்காதீர்கள். உங்கள் கிளாஸ் தன் வலைத்தளத்தில் வரவிருக்கும் விதிகளின் சுருக்கம் போட்டிருக்கும், அதிலிருந்து அமல் தேதி வாரியாகப் பின்னோக்கிப் போங்கள். மூன்று கப்பலின் கீல் போட்ட (கட்டத் தொடங்கிய) தேதி, டன்னேஜ், அடுத்த சர்வே தேதி மூன்றையும் மேசை மேல் ஒட்டி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். நான் வியாழன் மதியம் வைத்திருந்தேன், அந்த நேரத்தில் போன் எடுக்கமாட்டேன் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். கொடி நாட்டு அறிவிப்பை மட்டும் அன்றன்றே பாருங்கள். ஐ.எம்.ஓ. பொதுவாகச் சொன்னதில் கொடி நாடு தன் பங்குக்கு ஒன்று சேர்க்கும், இல்லையென்றால் விலக்குத் தரும். உங்களுக்கு இரண்டு கொடி, ஆக இரண்டு விதமாக இருக்கும். ஒரே சுற்றறிக்கையை மூன்று கப்பலுக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. பாரிஸ், டோக்கியோ எம்.ஓ.யூ.க்கள் (துறைமுக ஆய்வைச் சேர்ந்து நடத்தும் நாடுகளின் கூட்டமைப்புகள்) வழக்கமாக ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தனிக் கவனத்தோடு ஆய்வு செய்வார்கள். 2023-இல் தீப் பாதுகாப்பு, 2024-இல் சம்பளமும் வேலை ஒப்பந்தமும், 2025-இல் பேலஸ்ட் நீர். கேட்கப்போகிற கேள்விகளை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். வினாத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைக்கிறார்கள் ஐயா, அதிலும் ஃபெயில் ஆகிறவர்களை என்ன சொல்வது?


நடுக்கடல் சீஃப்:

சூப்ரிண்டெண்ட் சார் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கப்பலில் உட்கார்ந்திருக்கிறவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை.

கரையிலிருந்து எங்களுக்கு வருவது இப்படி: இரவு பதினொரு மணி, சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, 46 பக்க பி.டி.எஃப்., மேலே ஒரே வரி: "தகவலுக்கும் உடனடி நடவடிக்கைக்கும்." தகவலுக்கா, நடவடிக்கைக்கா? படித்ததாக எல்லா அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்ப வேண்டும். போடுவோம். காலைக்குள் அனுப்பியும் விடுவோம். யாரும் படித்திருக்கமாட்டார்கள். கையெழுத்து வந்ததும் கரையில் டிக். உங்கள் மூரிங் கயிற்றுக்கும் இப்படிப் பத்துக் கையெழுத்து அந்தக் கப்பலில் எங்காவது கோப்பில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எனக்கு வேண்டியது ஒரு பக்கம். நேற்று வரை என்ன செய்தோம், நாளையிலிருந்து என்ன, அதை யார் செய்வது. அவ்வளவுதான். முழு சுற்றறிக்கையைப் பின்னால் இணையுங்கள், ஆசைப்பட்டால் படித்துக்கொள்கிறோம்.

ஒரு உதாரணம். 2026-இல் வந்த தூக்கு சாதன விதி. "கப்பலில் உள்ள லிஃப்டிங் அப்ளையன்ஸ் பட்டியல் அனுப்பவும்" என்று போன ஆண்டு ஒரு மின்னஞ்சல். நான் சரக்குக் கிரேன் இரண்டு என்று எழுதி அனுப்பினேன். கரையிலும் சரி என்றார்கள். அப்புறம் ஒரு நாள் சும்மா விதியைத் திறந்து விளக்கத்தைப் பார்த்தால், இன்ஜின் ரூம் கிரேன், சாமான் ஏற்றும் கிரேன், ஹோஸ் கிரேன், ஹேட்ச் கவர் தூக்குவது எல்லாமே அதற்குள் வருகிறது. ஆயிரம் கிலோவுக்குக் கீழே தூக்குவதற்குக் கொடி நாடு சொல்கிறபடி. பழைய சாதனங்களுக்குச் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் முதல் புதுப்பிப்பு சர்வேக்குள் சோதனை முடித்திருக்க வேண்டும். கவனியுங்கள், இங்கே புதுப்பிப்பு சர்வே, நுரைக்குச் சொன்ன முதல் சர்வே இல்லை. ஒரே நாளில் அமலான இரண்டு விதி, இரண்டு கெடு. சீஃப் இன்ஜினியரோடு போய் எண்ணினோம். இரண்டு என்று எழுதிய இடத்தில் ஏழு. இன்ஜின் ரூம் கிரேனின் சான்று கப்பல் கட்டிய நாளில் வந்த கோப்பில், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே கிடந்தது.

அப்புறம், எல்லா மாற்றமும் தாளில் இருக்காது. என் போசன் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். மூரிங் டெக்கில் கயிறு அறுந்தால் எங்கே வீசும் என்று மஞ்சள் பெயின்டில் வளைவு போட்டு வைத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அது பாதுகாப்பு. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் பாராட்டியதும் உண்மை. இப்போதைய வழிகாட்டுதல் அந்தக் கோடே வேண்டாம் என்கிறது. கோட்டுக்கு வெளியே நின்றால் பத்திரம் என்று ஆள் நினைத்துவிடுகிறான், கயிறோ பொல்லார்டையும் ரோலரையும் சுற்றிவருகிற கோணத்தைப் பொறுத்து எங்கும் வீசும். முழு டெக்கும் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சுற்றறிக்கையாகக் கொடுத்தேன், தலையாட்டினார், அடுத்த வாரம் கோட்டுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார். கடைசியில் டெக்குக்குக் கூட்டிப்போய் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஒரு ஹீவிங் லைனும் (வீசுகிற மெல்லிய கயிறு) கையில் கொடுத்து, "இந்த பெடஸ்டல் ரோலரில் அறுந்தால் வால் எங்கே வரும், நீங்களே போடுங்கள்" என்றேன். நான்கு இடம் போட்டார். நான்காவது அவர் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பின்னால் போயிற்று. சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சாயங்காலம் கிரே பெயின்ட் கேட்டு வந்தார்.


சிறுகல மாஸ்டர்:

பெரிய கப்பல்காரர்கள் பேசுகிற இடத்தில் நடுவே வருகிறேன், மன்னிக்கவும். 180 டன்னேஜ் வேலைக்கலம் ஓட்டுகிறேன். எங்களைப் போன்றவர்கள் "500-க்குக் கீழே, சோலாஸ் நமக்கில்லை" என்று சொல்லியே காலத்தைத் தள்ளுகிறோம். நானும் அந்தக் கட்சிதான், போன ஆண்டு வரை.

அடுத்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில் குப்பைப் பதிவேடு கேட்டார்கள். அது 400 டன்னேஜுக்கு மேல் என்றேன். மார்போல் (கடல் மாசு தடுப்பு ஒப்பந்தம்) திருத்தம் 2024 மே 1-இலிருந்து 100 டன்னேஜுக்கு இறங்கிவிட்டதாம், வேற்று நாட்டுத் துறைமுகத்துக்குப் போகிற கலங்களுக்கு. எண்ணை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன், அவர்கள் மாற்றிவிட்டார்கள். சோலாஸிலும் ஐந்தாம் அத்தியாயம், வழிநடத்தல் பாதுகாப்பு, அடிப்படையில் எல்லாக் கலத்துக்கும் எல்லாப் பயணத்துக்கும் என்றுதான் ஆரம்பிக்கிறது. சின்னக் கலத்துக்கு எதை விடலாம் என்பதைக் கொடி நாடுதான் சொல்ல வேண்டும், நாம் இல்லை. மோதல் தவிர்ப்பு விதிகளுக்கு டன்னேஜே கிடையாது.

எனக்கு கிளாஸும் இல்லை, ஆபீசும் இல்லை. சூப்ரிண்டெண்ட் ஐயா, எங்களுக்கு என்ன வழி?


பழைய சூப்ரிண்டெண்ட்:

உங்களுக்கு வேலை குறைவு, மாஸ்டர். உங்கள் கொடி நாட்டு நிர்வாகத்தின் அறிவிப்புகள், நீங்கள் போய்வரும் இரண்டு மூன்று துறைமுகங்களின் அறிவிப்புகள், இவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை சர்வேயர் வருவாரே, அவர் கிளம்புகிறபோது "அடுத்த முறை புதிதாக என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களை யாரும் அப்படிக் கேட்பதே இல்லை. மனப்பாடமாக இருக்கிற டன்னேஜ் எண்களை, 400, 500, 150, ஒரு தாளில் எழுதி ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். மறந்த விதியை எடுத்துப் பார்ப்போம். மனப்பாடமாக இருப்பதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லையே.

சீஃப், அந்தச் சுண்ணாம்புக் கட்டி விஷயம் அருமை. எனக்கு வேலையில் இருக்கும்போது தெரியாமல் போயிற்று.


கரையேறியவன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சீஃப், நீங்கள் சொன்னது சரிதான். 2009 கப்பலில் அந்த மூரிங் சுற்றறிக்கைக்குப் பன்னிரண்டு கையெழுத்து இருக்கிறது. அதில் ஒன்று எனக்கு போன் போட்ட சீஃப் ஆபீசருடையது. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பெட்டியைக் கைவைக்காமல் விட்டுவிட்டு, கிளாஸ் சுருக்கத்திலிருந்து தேதி வாரியாகப் பின்னோக்கிப் போனேன். மூன்று கப்பலுக்கும் உண்மையிலேயே பொருந்துவது முப்பத்துச் சொச்சம்தான் தேறியது. ஐந்தில் கை வைக்க வேண்டியிருந்தது. இன்ஜின் ரூம் கிரேன் அதில் ஒன்று. 2004 கப்பலின் நுரைக்குத் தயாரிப்பாளர் கடிதம் வந்துவிட்டது, பி.எஃப்.ஓ.எஸ். இல்லை. முதலாளியிடம் மென்பொருள் கேட்கவில்லை, வியாழன் மதியம் கேட்டேன். சிரித்துவிட்டுச் சரி என்றார். இரண்டு வியாழன் போயிருக்கிறது, ஒன்றில் அவரே போன் போட்டார்.

அப்புறம், மூன்று கப்பலிலும் சுவரில் ஒட்டியிருக்கிற எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 2017 கப்பலின் மூன்றாம் அதிகாரி மட்டும் 61 படம் அனுப்பினார். ஐம்பதாவதோ என்னவோ, ஸ்டியரிங் கியர் அறை. அவசர நேரத்தில் கூப்பிட வேண்டிய டி.பி.ஏ. என்று எனக்கு முன்னால் இருந்தவரின் பெயரும் எண்ணும். நான் வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கிழித்துவிட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதற்கடியில் இன்னொரு தாள் இருந்தது, அவருக்கும் முன்னால் இருந்தவருடையது.